சொந்த ஊரில் நடந்த பழைய கொலைகளையும் வட்டார வரலாற்றையும் ஆராய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதக் கை துறுதுறுத்தது. வரலாறு படித்தவன் இல்லை. தென் தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் நடந்த ஒரே ஒரு கொலையின் பின்னால் நான்கு ஆண்டுகள் அலைந்தவன். அதுதான் என் தகுதி.

1950களில் நடந்தது அது. ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று இரவு, வில்லுப்பாட்டு உச்சத்தில் இருந்தபோது, பந்தலுக்குப் பின்னால் வைத்து வெட்டினார்கள். உடுக்கைச் சத்தத்தில் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. கீழே விழுந்த டார்ச் லைட் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே கிடந்தது. காரணம் ஒரு பெண். ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதே கதைதான், இதே வரிசையில்தான்.

ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் தேதி வேண்டும். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் எதுவும் நகராது. நான் பழைய நாளிதழ்களை மாதக்கணக்கில் புரட்டினேன், வீண் வேலை. செத்தவர் வீட்டில் எந்த மாதம், எந்தத் திதி கொடுக்கிறார்கள் என்று விசாரித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஊர் மறந்தாலும் வீடு மறக்காத தேதி அது. அவர்கள் மார்கழியில் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கொடை சித்திரையில்.

அடுத்து காகிதம். பழைய வழக்கு என்றதும் எல்லோரும் காவல் நிலையத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே இத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுகள் கிடைப்பது அரிது. கீழ் நீதிமன்றங்களிலும் காலக்கெடு முடிந்த கட்டுகளை அழித்துவிடுவார்கள். நான் போன ஆவண அறையில் எனக்குக் கிடைத்தது தும்மல் மட்டும்தான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தால், குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உள்ள விதி இது. ஆகவே தூக்கு விதித்த வழக்கு என்றால் சென்னையில் ஒரு தடயம் இருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்பில் யார் எங்கே நின்றார்கள், முதலில் யார் போய்ச் சொன்னார்கள், ஊர் நிர்வாகத்தைக் கவனித்த கிராம முன்சீப் எத்தனை மணிக்கு அறிக்கை எழுதினார் என்பதெல்லாம் சுருக்கமாக வந்துவிடும். முக்கியமான தீர்ப்புகள் சட்ட இதழ்களிலும் அச்சாகியிருக்கும். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பழைய தொகுதிகள் மூத்த வழக்கறிஞர்களின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன.

அரசாணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். துறை, ஆண்டு, எண் என்றுதான் அங்கே தேட முடியும்; கதை சொன்னால் யாரும் ஆவணக் கட்டை எடுத்துத் தரமாட்டார்கள். இன்னொன்று, இன்றைய மாவட்டப் பெயரை நம்பிப் போகாதீர்கள். சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1899 கலவரத்தின்போது அது திருநெல்வேலி மாவட்டம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. இன்று விருதுநகர் மாவட்டம். விருதுநகர் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. தூத்துக்குடிக்காரர்கள் 1986க்கு முந்தையவற்றைத் திருநெல்வேலியில்தான் தேட வேண்டும்.

யாரும் சொல்லித்தராத இடம் பத்திரப் பதிவு அலுவலகம். கொலை வழக்கு இரு தரப்பையும் தின்றுவிடும். வழக்கு நடந்த ஆண்டுகளில் யார் யார் நிலம் விற்றார்கள் என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் எதற்காக விற்கிறோம் என்பதையும் எழுதுவது வழக்கம். 'கிரிமினல் கேஸ் செலவுக்காக' என்ற ஒரு வரியை நான் பார்த்த பத்திரத்தில் படித்தபோது, எந்தத் தீர்ப்பிலும் இல்லாத ஒரு குடும்பத்தின் சரிவு தெரிந்தது.

பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். ஒரு கொலை நடந்தால் உடனே கொலைச் சிந்து பாடி, மலிவு விலையில் அச்சடித்துச் சந்தையில் விற்ற காலம் உண்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த மாதிரிக் குஜிலிப் பதிப்புகளைத் தேடலாம். தகவலுக்காக அவற்றை நம்ப வேண்டாம். ஊர் யார் பக்கம் நின்றது என்பதற்காகப் படிக்க வேண்டும்.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் யார் யார், அவர்களின் உறவினர் நிலங்கள் என்ன ஆயின என்பதைக் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் முதலாம் இராஜராஜன் காலத்திலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். அரச குடும்பத்துக் கதை மட்டுமல்ல. வேட்டையில் கை தவறி அம்பு பட்டு ஒருவன் செத்தால், எய்தவன் கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுக்க வேண்டும் என்று நாட்டுச் சபையார் கூடித் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகளும் இருக்கின்றன. உங்கள் ஊரில் பழைய கோயில் இருந்தால் அதன் கல்வெட்டுகள் பதிப்பில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆளவந்தார் கொலை (1952), லட்சுமிகாந்தன் கொலை (1944) போன்ற பிரபல வழக்குகளில் தயவுசெய்து தொடங்காதீர்கள். அவற்றில் எல்லோரும் கைவைத்தாகிவிட்டது. உங்கள் ஊர்க் கொலையை உங்களைத் தவிர வேறு யார் தேடுவார்கள்?

எழுதி வெளியிடுவதாக இருந்தால் சில எச்சரிக்கைகள். விடுதலையானவரைக் 'கொலையாளி' என்று எழுதாதீர்கள். இறந்தவர்தானே என்றும் நினைக்காதீர்கள். குடும்பத்தாரின் மனம் நோக வேண்டும் என்ற நோக்கத்துடன் இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவதூறு ஆகலாம் என்று சட்டம் சொல்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். எத்தனை ஆண்டு பழைய வழக்கானாலும் பெயரைத் தொடாதீர்கள்.

என் தேடலுக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டில் தீர்ப்பு கிடைத்தது. கொடையும் இல்லை, பெண்ணும் இல்லை. மார்கழி விடியல், வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறு. டார்ச் லைட் மட்டும் உண்மை; வழக்கில் சான்றுப் பொருளாகவே இருந்தது. அன்று அந்த வயலைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள்; மூன்று பேர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள், ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். நான்கு பேரும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சியாகிவிட்டார்கள். ஆடு மேய்த்த பையன் மட்டும் சொன்னதைச் சொன்னபடி நின்றான். அவன் சொல்லை நம்பித்தான் தூக்கு. உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது.

அப்போதுதான் ஆச்சியின் கதை எனக்குப் பிடிபட்டது. உடுக்கைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களைக் காப்பாற்றுவதற்காக ஊரே சேர்ந்து கொலையைக் கொடைப் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அரசுத் தரப்பின் நான்காம் சாட்சி, பிறழ்ந்த மூவரில் ஒருவர், என் தாத்தா.

நகலைப் பல மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். செத்தவரின் மகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். கடைசியில் ஒரு மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று வழியில் தோன்றியது, எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"உன் தாத்தா சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் தம்பி. உனக்குத்தான் யாரும் சொல்லவில்லை" என்றார்.