கடைசி ஃபாரோவும் காலிப் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் மண்ணில் பிறந்த கடைசி ஃபாரோ (மன்னர்) இரண்டாம் நெக்டனேபோ என்று படித்தேன். பிரமிடு கட்டியவர்களைப் போல இவர் எதையும் விட்டுச் செல்லவில்லையே? தோற்று ஓடியவர்தானே? அலெக்சாண்டரின் நிஜ அப்பா இவர்தான் என்று ஒரு யூடியூப் காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

அப்பா விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். நாட்டை இழந்த நெக்டனேபோ மந்திரவாதியாக மாசிடோனியா போய், ராணி ஒலிம்பியாஸை மயக்கினார் என்பது கதை. அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356. நெக்டனேபோ பாரசீகர்களிடம் நாட்டை இழந்தது 343 வாக்கில். கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிரேக்கர் ஆட்சியில் வாழ்ந்த எகிப்தியர்களுக்கு இந்தக் கதை தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நம்மை ஆள்பவன் வெளியாள் இல்லை, நம் ராஜாவின் பிள்ளைதான் என்று சொல்லிக்கொள்ளலாமே!

ஓடியவர்தான், மறுக்கவில்லை. அரியணைக்கு வந்த விதமும் யோக்கியமானதல்ல. ஃபாரோ தியோஸ் படையெடுத்து வெளியே போயிருந்த சமயம், ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாவுஸின் துணையோடு பதவியைப் பிடித்தவர். ஆனால் 343க்குச் சில ஆண்டுகள் முன்பு இதே பாரசீகப் படையை ஒருமுறை விரட்டியும் இருக்கிறார்.

எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அவர் கட்டியவை அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டன. தென் எகிப்தின் எட்ஃபு கோயிலுக்குத் தினமும் கூட்டம் போகிறது. அது கிரேக்க வம்சத்து டாலமிகள் கி.மு. 237இல் கட்டத் தொடங்கியது. ஆனால் கருவறைக்குள், ஹோரஸ் கடவுளின் விக்கிரகம் இருந்த மாடம் நெக்டனேபோ செய்துவைத்தது. ஒரே கருங்கல்லில் குடைந்தது, சுமார் 4 மீட்டர் உயரம், பளபளவென்று தேய்த்த பரப்பு. பழைய கோயிலை மாற்றிக் கட்டியவர்கள் அதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

நைல் கழிமுகமான டெல்டாவில் பெஹ்பெத் எல்-ஹகர் என்ற ஊரில் இசிஸ் தேவிக்கு அவர் தொடங்கிய கோயில் முழுக்க கிரானைட். அந்தக் கல் அஸ்வானிலிருந்து நைல் வழியே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வர வேண்டும். அதையும் முடித்தவர்கள் டாலமிகளே. இன்று அது சரிந்த கற்குவியல். அங்கிருந்து போன ஒரு கல் ரோமாபுரியின் இசிஸ் கோயில் இருந்த இடத்தில் கிடைத்தது.

அப்புறம் அவருடைய கல் சவப்பெட்டி. ஏறக்குறைய 7 டன். சூரியன் இரவில் பாதாளத்தைக் கடக்கும் பயணம் அதன்மேல் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆள்தான் ஓடிவிட்டாரே, அதில் அவரைக் கிடத்தியே இருக்க மாட்டார்கள். எப்படியோ அலெக்சாண்டிரியாவின் அத்தாரின் மசூதிக்கு வந்து தண்ணீர்த் தொட்டியானது. தண்ணீர் வடிய அடிப்பக்கம் 12 துளை போட்டார்கள், செதுக்கிய உருவங்களைப் பற்றிக் கவலையே படாமல். நெப்போலியனின் ஆட்கள் அதை எடுத்தார்கள். 1801இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிக்கொண்டார்கள். அலெக்சாண்டரின் சவப்பெட்டி என்றே அன்று பலர் நம்பினார்கள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் பழைய எகிப்திய எழுத்தின் புதிரை உடைத்த பிறகுதான் அதிலிருந்த பெயரை வாசிக்க முடிந்தது.

இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. லண்டன் போனால், அந்த எழுத்தை வாசிக்க உதவிய ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். கொஞ்சம் குனிந்தால் துளைகளும் தெரியும்.