கியோட்டோ மிசோ சூப்பில் மீன் வாடை

கியோட்டோ கடையில் "மீன் வேண்டாம்" என்று சொல்லியும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் மீன் வாடை அடித்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாடைக்குக் காரணம் தாஷி, அதாவது ஜப்பானியச் சூப்புகளுக்கு அடிப்படையான சாறு. "மீன் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதை, மீன் துண்டு வேண்டாம் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். புகையூட்டி உலர்த்திய கட்சுவோ மீனை மரச்சுருள் போல மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டுவார்கள். கிண்ணத்தில் மீன் கண்ணில் படாது, சாறு மட்டும் இருக்கும். உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் சூப்பிலும் பெரும்பாலும் இதேதான்.

அடுத்த முறை, "கட்சுவோ தாஷியா, கொம்பு தாஷியா?" என்று கேளுங்கள். கொம்பு என்பது ஒரு கடற்பாசி, சைவம்தான்.

அப்புறம், நான்சென்ஜி கோயில் பக்கம் போய் யுதோஃபு சாப்பிடுங்கள். கொம்பு போட்ட வெந்நீரில் டோஃபு (சோயா பனீர்) மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். குளிருக்கு அவ்வளவு இதம். ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் கட்சுவோ இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.