கத்தியா, ஊசியா, கதிரா?

டாக்டர் பதில்கள்: பினாங்கிலிருந்து கதிர்வீச்சு மருத்துவர் ஒருவர் எழுதும் பகுதி

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. பிறையில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது. அதனால் கல்லீரல் இறுகி சிரோசிஸ் ஆகிவிட்டது என்றார்கள். வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் 2.6 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. எம்ஆர்ஐ எடுத்துப் புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். ஆரம்ப நிலை, வேறெங்கும் பரவவில்லை. 'சைல்டு-பியூ ஏ', பிளேட்லெட் 82,000 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. கட்டி கல்லீரலின் உச்சியில், உதரவிதானத்தை ஒட்டி, ஒரு பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அறுவைச் சிகிச்சை நிபுணர் தயங்குகிறார். ஊசி வைத்துச் சுடுவதும் அந்த இடத்தில் கடினம் என்கிறார்கள். ஐந்து முறை கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 'கரண்ட் வைப்பதெல்லாம் கைவிட்ட கேஸுக்குத்தான், ஆபரேஷன்தான் நிஜ வைத்தியம்' என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். பெரியம்மா கீழாநெல்லி போதும் என்கிறார். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா, டாக்டர்?

வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கைவிடவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த மருத்துவர்கள் அப்பாவின் கல்லீரலைக் கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ஸ்கேன் படங்களை நான் பார்க்காததால் முடிவு அவர்களுடையதுதான். அண்ணனிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லீரல் புற்றுநோயில் நாங்கள் இரண்டு நோயாளிகளுக்குச் சேர்த்து வைத்தியம் பார்க்கிறோம். கட்டி ஒன்று, அது முளைத்த கல்லீரல் இன்னொன்று. கட்டியை அடியோடு அழித்துவிட்டு, மிச்சக் கல்லீரல் வேலை செய்யாமல் போனால் என்ன பயன்? சைல்டு-பியூ என்பது அந்தக் கல்லீரலுக்குப் போடும் மதிப்பெண். பிலிரூபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் என ஐந்தையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். அப்பா 'ஏ'வில் இருப்பது நல்ல செய்தி. ஆனால் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் தட்டணு, 82,000 என்ற எண்ணில்தான் அறுவைச் சிகிச்சை நிபுணரின் கண் நின்றிருக்கும். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால், இறுகிய கல்லீரலுக்குள் இரத்தம் சுலபமாக நுழைய முடியாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட கல்லீரலை வெட்டினால் மிச்சப் பகுதி தாக்குப்பிடிக்காமல் போகலாம். அவர் தயங்கியது அப்பாவின் நன்மைக்காக.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கல்லீரல் நன்றாக இருந்து, கட்டி ஒன்றே ஒன்றாக, எட்டும் இடத்தில் இருந்தால் நானே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம்தான் அனுப்புவேன். ஆனால் வெட்டி எடுத்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் வரை ஐந்து வருடத்துக்குள் கல்லீரலில் மறுபடியும் கட்டி காண்கிறார்கள். மண் அதேதானே, புதிய முளை வரத்தான் செய்யும். மண்ணையே மாற்றுவது கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை. 5 செ.மீ.க்குள் ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்குள் மூன்று கட்டிகள் வரை இருந்தால் மாற்றலாம் என்ற அளவுகோலை 1996இல் மிலான் மருத்துவர்கள் வகுத்தார்கள். அப்பாவின் கட்டி அதற்குள் அடங்குகிறது. 71 வயதும் தானக் கல்லீரலுக்கான பற்றாக்குறையும் குறுக்கே நிற்கின்றன. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசி வைத்துச் சுடுவதற்கு 'ஆர்எஃப்ஏ' என்று பெயர். இப்போது மைக்ரோவேவ் கருவியும் வந்துவிட்டது. 2 செ.மீ.க்குக் கீழான கட்டிக்கு அது அருமையான சிகிச்சை, 3 செ.மீ. வரையிலும் நன்றாக வேலை செய்யும். பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால் ஓடுகிற இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்; கட்டியின் அந்தப் பக்க விளிம்பு வேகாமல் தப்பிக்கும். உதரவிதானத்தின் அடியில் இருக்கும் கட்டி அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது, உதரவிதானமே சுட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி என் துறைக்கு வருகிறேன். அண்ணன் மனத்தில் இருக்கும் 'கரண்ட்' பழைய காலத்துச் சிகிச்சை. முழுக் கல்லீரலும் சுமார் 30 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிரைத்தான் தாங்கும். கட்டியை அழிக்க அது போதாது. அதனால் அன்று வலி குறைக்க மட்டும் கொடுத்தார்கள், கெட்ட பெயரும் நிலைத்துவிட்டது. இப்போது அப்பாவுக்குச் சொல்லியிருப்பது 'எஸ்பிஆர்டி' எனப்படும் குறிவைத்த கதிர்வீச்சு. பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பி, அவை கட்டியில் மட்டும் ஒன்றுசேருமாறு திட்டமிடுகிறோம். ஐந்து தடவையில் 40 முதல் 50 கிரே வரை கட்டிக்குப் போய்விடும். கட்டியை விட்டு விலக விலகக் கதிரின் அளவு சட்டென்று இறங்கிவிடுவதால், மிச்சக் கல்லீரலின் பெரும்பகுதி தப்புகிறது.

இதில் கடினமான வேலை மூச்சோடு நடக்கும் போராட்டம். ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஒன்றிரண்டு செ.மீ. ஏறி இறங்கும், 2.6 செ.மீ. கட்டிக்கு அது பெரிய தூரம். அதனால் வயிற்றை அழுத்தும் பட்டை கட்டுவோம், அல்லது மூச்சை நிறுத்தப் பழக்குவோம். சிலருக்குக் கட்டியின் அருகில் சின்னஞ்சிறு தங்க மணிகளை வைத்து, எக்ஸ்ரேயில் அவற்றைத் தேடிக் குறிபார்ப்போம். அப்பாவுக்கு அது தேவையென்றால் பிளேட்லெட்டைப் பார்த்துத்தான் செய்வார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். ஆரம்பத்தில் ஐந்து விநாடிகூட மூச்சை அடக்க முடியவில்லை. வீட்டில் பேத்தியைக் கடிகாரத்தோடு உட்காரவைத்துப் பழகினார். சிகிச்சை நாளில், மனத்துக்குள் 'முருகா' என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மூச்சை நிறுத்தினார். திரையில் அவர் மூச்சைக் காட்டும் கோடு அப்படியே நேராக நின்றது. நோயாளியின் உழைப்பு இந்த அளவுக்குக் கலந்திருக்கும் சிகிச்சை என் துறையில் குறைவு. அப்பாவை இப்போதிருந்தே பழகச் சொல்லுங்கள்.

அண்ணன் ஆதாரம் கேட்பார். 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 224 நோயாளிகளின் பழைய பதிவுகளை ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, சிகிச்சை பெற்ற கட்டி மறுபடி வளராமல் இருந்த விகிதம் கதிரில் 93.8%, ஊசியில் 80.2%. வித்தியாசம் முக்கியமாக 2 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளில்தான். 2021இல் கொரியாவில் புரோட்டான் என்ற இன்னொரு வகைக் கதிரை ஊசியோடு சீட்டுக் குலுக்கும் முறையில் ஒப்பிட்டபோது, கதிர் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. 2025இல் வந்த சீன ஆய்வு எஸ்பிஆர்டியையே ஊசியோடு நேருக்கு நேர் நிறுத்தியது. கட்டியை அடக்குவதில் கதிர் முந்தியது, உயிர் வாழும் காலத்தில் இரண்டும் சமமாகவே இருந்தன. கொரியாவிலும் சீனாவிலும் பார்த்தது பெரும்பாலும் திரும்பி வந்த கட்டிகளை. அப்பாவுடையது முதல் கட்டி. போதாததற்கு, 2018இல் அமெரிக்கத் தேசியப் பதிவேட்டை அலசியவர்கள் ஊசி வைத்துச் சுடப்பட்டவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று எழுதினார்கள். ஆனால் பதிவேட்டில், ஊசிக்கு லாயக்கில்லாத பலவீனமானவர்களே கதிருக்கு வந்து சேர்வார்கள். அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அறுவைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கதிரை வைக்க இந்த அளவு பலமான சான்று இல்லை. வெட்டக்கூடிய கட்டியை 'கதிரே போதும்' என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன்.

பக்க விளைவுகளையும் மறைக்கக் கூடாது. களைப்பு, குமட்டல் பலருக்கு வரும். கட்டி விலா எலும்பை ஒட்டி இருந்தால் பிறகு அங்கே வலியோ முறிவோ வரலாம். குடல் அருகில் என்றால் புண் வரலாம். எனக்குப் பயம் தருவது சிகிச்சை முடிந்த மூன்று நான்கு மாதங்களில் கல்லீரல் தளர்வதுதான். அப்பா 'ஏ'வில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. கால் வீங்கினாலோ, வயிறு உப்பினாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனைப் பார்த்துக் குடும்பமே கலங்கிப்போவதை அடிக்கடி காண்கிறேன். கதிர் பட்ட கட்டி உடனே மறைந்துவிடாது. பல மாதங்களுக்கு ஸ்கேனில் அது பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கலாம். அளவு பெரிதாகாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவசரப்பட்டு 'வேலை செய்யவில்லை' என்று வேறு சிகிச்சைக்கு ஓடாதீர்கள்.

பெரியம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்: ஹெப்படைட்டிஸ் பி மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். என்டெகாவிரோ டெனோஃபோவிரோ, எது கொடுத்திருந்தாலும் சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் தொடர வேண்டும். நிறுத்தினால் கிருமி பொங்கி எழும். நாங்கள் பாதுகாத்த கல்லீரலை அது அழித்துவிடும். கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதே மனம் கொதிக்கிறது.

அண்ணனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றால், இரண்டாவது கருத்துக் கேளுங்கள். கல்லீரல் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற செலாயாங் மருத்துவமனை இருக்கிறது. எம்ஆர்ஐ டிஸ்க்கையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுபோங்கள். அறுவை, ஊசி, கதிர் மூன்றின் நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்த்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் தொடங்குங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை ஆயிற்றா? நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மாமனாருக்குக் கல்லீரலில் கதிர்வீச்சு நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கலாமா? மருமகள்கள் எங்களுக்குள் பயமாக இருக்கிறது.

வாசகி, செந்தூல்

பதில்: வெளியிலிருந்து மெஷின் வைத்துக் கொடுக்கும் சிகிச்சை என்றால் தாராளமாகத் தூக்கலாம். மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்காது. தட்டு, துணி எதையும் பிரித்து வைக்காதீர்கள். பெரியவர் மனம் நொந்துபோவார். இரத்தக்குழாய் வழியாகக் கதிர் வீசும் யிட்ரியம்-90 மணிகளைக் கல்லீரலுக்குள் செலுத்தும் சிகிச்சை வேறு. அதன் வீரியம் சுமார் 64 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அப்படியென்றால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவும் பக்கத்தில் படுக்கவைக்கவும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.