மறந்துபோன பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டுகளின் மறுவெளியீடுகளைக் காசு கொடுத்து வாங்கலாமா?

அயர்ன் மெய்டன், சாக்சன், டெஃப் லெப்பர்ட் எல்லாம் கேட்டாயிற்று, 1980ஐ ஒட்டிய அதே காலத்தில் வந்து காணாமல் போன மற்ற பிரிட்டிஷ் பேண்டுகளின் ரீஇஷ்யூக்கள் உண்மையிலேயே நன்றாக இருக்குமா, இல்லை பழசு என்பதற்காகக் கொண்டாடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்குப் பாதி பழசு என்பதற்காகத்தான். மீதிப் பாதிக்காக வாங்கலாம், ஆனால் எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று பார்த்து வாங்குங்கள்.

நான் இதற்குள் வந்தது எல்லோரும் வந்த அதே வாசல் வழியாகத்தான். 1998ல் அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகா அடுத்தவர் பாட்டுகளைப் பாடிய 'கேரேஜ் இன்க்' ஆல்பம் வந்தபோது கல்லூரியில் இருந்தேன். 'ஆம் ஐ ஈவில்' அவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன், பொடி எழுத்தில் ஹாரிஸ், டாட்லர் என்று இரண்டு பெயர்களைப் பார்த்துவிட்டு யார் இவர்கள் என்று தேட ஆரம்பித்தேன். டயமண்ட் ஹெட் என்ற பேண்டுக்காரர்கள். பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்டூர்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பையன்கள். 1980ல் பெரிய கம்பெனி எதுவும் சிக்காமல் தங்கள் முதல் ஆல்பத்தைத் தாங்களே 1000 பிரதி அச்சடித்து, படமோ பெயரோ இல்லாத வெறும் வெள்ளை உறையில் கையெழுத்து மட்டும் போட்டு, கச்சேரிகளிலும் பத்திரிகை விளம்பரம் மூலம் தபாலிலும் விற்றார்கள். மேனேஜர்களில் ஒருவர் பாடகரின் அம்மா! அந்த ஆல்பத்தில் மொத்தமே ஏழு பாட்டுதான், அதில் நாலை மெட்டாலிகா எடுத்துப் பாடியிருக்கிறது. மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் 17 வயதில், மெட்டாலிகா என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, 1981 கோடையில் இவர்களைப் பார்ப்பதற்காகவே கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி வந்து, இவர்கள் வீட்டிலேயே வாரக்கணக்கில் டேரா போட்டவர்.

இவ்வளவு பெரிய ஆல்பத்தின் மாஸ்டர் டேப், அதாவது ஸ்டுடியோவில் பதிந்த மூல டேப், என்ன ஆனது? வெளியிடுகிறேன் என்ற ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு அனுப்பினார்கள், அது திரும்பி வரவே இல்லை. பிறகு 1990ல் உல்ரிச் அந்தக் காலப் பாடல்களை ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தபோதுதான் தேடிப் பிடித்தார்கள். அதனால்தான் டேப்பைப் பற்றி இவ்வளவு நச்சரிக்கிறேன். டேப் தொலைந்துபோன பேண்டு என்றால் நல்ல நிலையில் உள்ள ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு அதிலிருந்து சிடி போடுவார்கள். அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. நான் ஒருமுறை இணையத்தில் ஏகப்பட்ட விலை கொடுத்து, 'ரீமாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு சிடியை வாங்கினேன் (யாரிடம் என்பதை விடுங்கள்), முதல் பாட்டு தொடங்கும் முன்பே ஊசி உரசும் கரகர சத்தம், அப்புறம் அதை மறைக்க ஒலியை ஏற்றி ஏற்றி டிரம்ஸ் எல்லாம் தகரம் தட்டுவது போல ஆகியிருந்தது.

டேப் கிடைத்தாலும் உடனே ஓட்டிவிட முடியாது. அந்தக் காலத்து ஸ்டுடியோ டேப்புகள் பலவற்றில் காந்தப் பொடியை ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போய்விடும், அப்படியே ஓட்டினால் பொடி உதிர்ந்து பாட்டும் போய்விடும். 50 டிகிரிக்குச் சற்று மேலே சூட்டில் மணிக்கணக்காக வைத்து, நம் வீட்டில் வடகம் காயப்போடுவது மாதிரி ஈரத்தை வாங்கிவிட்டு, ஆறிய பிறகு, மறுபடி ஈரம் ஏறுவதற்குள் ஒருமுறை ஓட்டி டிஜிட்டலில் பதிந்துகொள்வார்கள். இதையெல்லாம் பொறுமையாகச் செய்து, உள்ளே ஒரு சிறு புத்தகமும் வைத்து வெளியிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹை ரோலர் ரெக்கார்ட்ஸ் வெளியீடுகளில் எனக்கு இதுவரை பெரிய ஏமாற்றம் இல்லை.

பேகன் ஆல்டர் கதை இன்னும் மோசம். தெற்கு லண்டனில் அப்பா டெர்ரி ஜோன்ஸ் பாட, மகன் ஆலன் கிடார் வாசித்த பேண்டு. 1982ல் பதிவு செய்தார்கள், கள்ளப் பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன, முறையான வெளியீடு 1998ல்தான். மூக்கால் பாடுகிற அந்தக் குரல் முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மூன்றாவது முறைக்குப் பிறகு வேறு யாரும் அதைப் பாட முடியாது என்று தோன்றியது. 2015ல் அப்பா இறந்துவிட்டார்.

குப்பையும் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சிடி தொகுப்பு வாங்கினால் பத்துப் பன்னிரண்டு பாட்டு தேறும். போனஸ் என்று ஒரே பாட்டின் நாலு டெமோக்களை (வெள்ளோட்டப் பதிவுகளை) அடுக்குவார்கள், அந்த ஊர்க்காரர்களே கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த பேண்டுகளில் பலவும் ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிங்கிள் தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோனவை, அவற்றைக் கேட்கத் தொகுப்புதான் சுலபமான வழி. நியூகாசல் பக்கம் வால்சென்டில் இருந்த நீட் ரெக்கார்ட்ஸ் அப்படி எத்தனையோ சிங்கிள்களை வெளியிட்டது. பிளிட்ஸ்கிரீகின் 1981 சிங்கிளைக் கேளுங்கள், அவர்கள் முழு ஆல்பம் போட 1985 ஆகிவிட்டது, அதற்குள் வேகம் தணிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எதை வாங்குவது என்றால், டயமண்ட் ஹெட்டின் அந்த வெள்ளை ஆல்பம் ('லைட்னிங் டு தி நேஷன்ஸ்' என்று தேடுங்கள்), அப்புறம் ஏஞ்சல் விட்சின் 1980 ஆல்பம், அப்புறம் சேட்டனின் 'கோர்ட் இன் தி ஆக்ட்', 1983. மலையாளச் சேட்டன் இல்லை, சாத்தான்தான். இவர்கள் 2011ல் மறுபடி ஒன்று சேர்ந்து 2013ல் 'லைஃப் சென்டன்ஸ்' போட்டார்கள், அதை முந்தையதோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் நடுவில் முப்பது வருடம் போனதே தெரியாது. டயமண்ட் ஹெட்டின் 1982 ஆல்பத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் 'ஆம் ஐ ஈவில்' மறுபதிவு இருக்கிறது, பாலிஷ் போட்டுச் சப்பென்று ஆக்கிவிட்டார்கள்.