வாசகர் கேள்வி-பதில்: தீராத நோயும் சாவதற்கான உதவியும்

கேள்வி: எனது தாயாருக்கு 74 வயது. மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் இப்போது எலும்புக்குப் பரவிவிட்டது. இனிச் சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரவில் நோவு தாங்காமல், “பிள்ளை, என்னை அனுப்பிவிடு” என்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியரே உதவுவதற்கு அங்கே சட்டம் வருகிறது, இலங்கையிலும் அது வேண்டும் என்கிறான் இலண்டனில் இருக்கும் என் தம்பி. அக்காவோ அப்படி நினைப்பதே பாவம் என்று கூறி என்னோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டார். சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: சட்டத்தைப் பிறகு பார்ப்போம், அம்மாவின் நோவு இன்றிரவும் வரும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ‘இனிச் சிகிச்சை இல்லை’ என்று வைத்தியர்கள் சொன்னால், நோயைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்பதே அதன் பொருள். நோவைக் குறைக்கும் சிகிச்சை அப்போதுதான் முழுமையாகத் தொடங்க வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் நோவை, பல நோயாளிகளில், ஒரே தடவை கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையாலேயே கணிசமாகத் தணிக்க முடிகிறது. வாயால் உட்கொள்ளும் மோர்பின் இருக்கிறது. அதை நோவு வந்த பிறகு கொடுப்பதை விட, வைத்தியர் குறித்த நேர இடைவெளியில், நோவு தலைதூக்குமுன்பே கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் வேண்டும். மோர்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சாவு விரைந்துவிடும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. சரியான அளவில், கண்காணிப்போடு கொடுக்கப்படும் மோர்பின் உயிரைப் பறிப்பதில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்கு அம்மாவின் அறிக்கைகளோடு சென்று, “நோவுக்கு என்ன செய்யலாம்?” என்று முதலில் கேளுங்கள், கதிர்ச்சிகிச்சை பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5.68 கோடிப் பேருக்கு, இப்படி நோவையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் 14 சதவீதமானோரையே அது சென்றடைகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இலங்கையும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென இத்துறைக்கு ஒரு தேசியத் திட்டச் சட்டகத்தை வகுத்தது. ஆனால் கொழும்பில் எழுதப்படும் திட்டம் மூதூரில் ஒரு வீட்டுக் கட்டிலருகே வந்து சேர்வது வேறு காரியம்.

இனிச் சட்டம். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998 இற்குப் பிறகு குற்றமல்ல. ஆனால் அதற்குத் துணைபோவது, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 299 ஆம் பிரிவின்படி இன்றும் கடுங்குற்றமே. நோயாளி கெஞ்சிக் கேட்டார் என்பது அந்தக் குற்றத்தை இல்லாமலாக்காது. தம்பி குறிப்பிடும் பிரித்தானியச் சட்டமூலம் 2025 ஜூன் 20 அன்று கீழ்ச்சபையில் 314 இற்கு 291 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஆறு மாதங்களுக்குள் இறப்பார் என எதிர்பார்க்கப்படும், தெளிந்த மனநிலையிலுள்ள, வயது வந்த ஒருவர் தாமாகவே கேட்க வேண்டும். இரு வைத்தியர்கள் தனித்தனியே ஆராய வேண்டும். பின்னர் சட்டத்துறையினர் ஒருவர், உளமருத்துவர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர் கொண்ட குழு ஏற்க வேண்டும். இறுதியில் மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும் என்று அச்சபை வகுத்தது. மகளோ மகனோ கேட்டு நடப்பதற்கு அதில் இடமே இல்லை என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு ஒன்று: தாயின் வேதனை முடிய வேண்டும் என்று மகள் ஏங்குவதைப் பாவம் என்று எந்தச் சமயத்தின் பெயராலும் சொல்ல நான் துணியமாட்டேன்.

கேள்வி: எனது வாப்பாவைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்கள். இனிப் பயனில்லை என்று வைத்தியர்கள் சொன்னபோது அதை நிறுத்தச் சம்மதித்தோம். நாங்களும் கருணைக்கொலைதான் செய்தோமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: இல்லை. பயனற்றுப்போன கருவியை விலக்கும்போது உயிரை எடுப்பது நோய். கொல்லும் நோக்கத்தோடு மருந்து கொடுத்தால் எடுப்பது மருந்து. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பில், முன்னையதை அனுமதித்து, ஒருவர் நலமாக இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைப்பதையும் ஏற்றது. நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 இல் அதை எளிதாக்கியது. இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லாததால், உங்களைப் போன்ற குடும்பங்கள் அந்தச் சுமையைத் தனியே தாங்க நேர்கிறது. நீங்கள் வாப்பாவைக் கொல்லவில்லை.

கேள்வி: இப்படியொரு சட்டம் நம் பாராளுமன்றத்துக்கு வந்தால் ஆதரிப்பீர்களா? வயோதிபர்களை ஒழித்துக்கட்ட அது வழியாகிவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: உங்கள் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகடிக்கும் ‘தலைக்கூத்தல்’ என்ற வழக்கத்தை அறிந்த எவரும், ‘முதியவரின் சம்மதம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் சற்று நின்று யோசிக்கவே செய்வார். கனடாவில் 2016 இல் சாவை நெருங்கியவர்களுக்கென வந்த சட்டம், 2021 இல் அந்த நெருக்கத்தை நிபந்தனையிலிருந்து நீக்கியது. எல்லைகள் நகரும் என்போருக்கு அது ஒரு சான்று. மறுபுறம், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் ஆறு மாத நிபந்தனை நிலைத்து நிற்கிறது. அங்கே சாவதற்கான மருந்துக்குச் சீட்டுப் பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அம்மருந்தை உட்கொள்ளாமலே இறக்கிறார்கள். தேவையானால் இருக்கிறது என்ற எண்ணமே சிலருக்குப் போதுமாக இருந்திருக்கலாம்.

அதே ஒரிகன் அறிக்கைகளில் என்னை உறுத்துவது வேறொன்று. மருந்து கேட்போர் கூறும் காரணங்களுள் நோவு முதலிடத்தில் இல்லை. தம் விடயத்தைத் தாமே தீர்மானிக்க இயலாமற்போவதுதான் முதற்காரணம். குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்பதையும் பலர் சொல்கிறார்கள். ஆகவே நல்ல நோவு மருந்து கிடைத்துவிட்டால் இக்கேள்வியே எழாது என்பதும் சரியல்ல.

பிரித்தானியாவில் இருந்தால் அந்தச் சட்டமூலத்தை ஆதரித்திருப்பேன். இங்கே இன்றைக்கு ஆதரிக்கமாட்டேன். புற்றுநோய்க்காக 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பலர் பயணப்படும் மாவட்டம் இது. பேருந்துச் செலவையும் பிள்ளையின் நாட்கூலியையும் மனதுக்குள் கணக்குப் பார்க்கும் ஒரு தாய் ‘போதும்’ என்று சொன்னால், அதை அவரது சுதந்திரமான தீர்மானமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என்றாவது அப்படியொரு சட்டமூலம் வருமாயின் நான் முதலில் தேடும் பிரிவு ஒன்றுண்டு: பிள்ளைகள் வெளியே நிற்க, அவரது மொழியிலேயே, நோயாளியோடு வைத்தியர் தனித்துப் பேசியே ஆக வேண்டும் என்பது.