கணினி வருவதற்கு முன் வானொலி நிலையங்கள் ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படித் திட்டமிட்டன?

பின்னாலிருந்து எண்ணித்தான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு வானொலி நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் எடுபிடி வேலை பார்த்தேன். தட்டுகளைத் துடைத்துக் கொடுப்பேன். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாட்டின் நீளத்தை அளந்து உறையின் மூலையில் பென்சிலால் எழுதுவேன். செய்தி நேரம் அசையாது, மற்றதெல்லாம் அதற்கு வளைய வேண்டும் என்பதுதான் அங்கே கற்ற முதல் பாடம்.

மணி 8.52.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிச் செய்திக்கு ஏழரை நிமிடம் இருக்கிறது. மணியொலிக்கு 5 விநாடி, அதற்கு முன் அறிவிப்பாளரின் முடிவுரைக்கு 20 விநாடி, இரண்டு பாட்டுகளின் அறிமுகத்துக்குப் பத்துப் பத்து விநாடி. மீதி 6 நிமிடம் 45 விநாடி. இப்போது அலமாரியில் 3.18க்கும் 3.27க்கும் பொருத்தமான ஜோடியைத் தேட வேண்டும். பாட்டு நல்ல பாட்டா என்பதெல்லாம் இரண்டாவது கேள்விதான்.

ஜோடி கிடைக்காவிட்டால் வாத்திய இசை கைகொடுக்கும். 2 நிமிடம் 40 விநாடி ஓடும் இசையை 8.57.15க்கே ஒலியை அடைத்துவிட்டு ஓடவிடுவோம். யாருக்கும் கேட்காது. முன் பாட்டு எப்போது முடிகிறதோ அப்போது மெல்லத் திறந்தால் போதும், இசை 8.59.55க்குத் தானே வந்து நிற்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு மந்திரவாதம் போலத்தான் இருந்தது.

பழைய 78 சுழற்சித் தட்டுகள் தனித் தலைவலி. ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நீளமான சினிமாப் பாட்டைப் பாதியில் வெட்டி மறுபக்கத்தில் போட்டிருப்பார்கள். இடைவெளி தெரியாமல் ஒலிபரப்ப அதே தட்டின் இரண்டு பிரதிகள் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் நேயர் விருப்பம்தான். தோட்டங்களிலிருந்து வரும் அஞ்சலட்டைகளில் இடமே இருக்காது. தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியம்மா, தண்டல், கிராணி, பால் கொட்டகை நண்பர்கள் என்று இருபது பெயர்கள். வாசிக்க 40 விநாடி ஆகும். பெயரை விட்டால் அடுத்த வாரமே கோபக் கடிதம் வரும், பாட்டில் ஒரு சரணத்தை விட்டால் வராது. அதனால் நாங்கள் எப்போதும் பாட்டைத்தான் வெட்டினோம். இன்று கேட்டாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

அமெரிக்க நிலையங்கள் இதை ஒரு வியாபார சாத்திரமாகவே ஆக்கிவிட்டன. ஒமாகா நகரின் நிலைய உரிமையாளர் டாட் ஸ்டோர்ஸ் போன்றவர்கள் 1950களில், மக்கள் விரும்பிய சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் டாப் 40 முறையைப் பரப்பினார்கள். காகிதத்தில் கடிகார வட்டம் வரைந்து, செய்தி, புதுப்பாட்டு, பழைய பாட்டு, விளம்பரம் என்று அப்பம்போலத் துண்டு போடுவார்கள். பாட்டுக்கு ஓர் அட்டை. பெட்டியின் முன்னால் இருக்கும் அட்டையை எடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் செருக வேண்டும், பிடித்த பாட்டென்று நடுவிலிருந்து உருவக்கூடாது. அந்தக் கால நேயர் கணக்கெடுப்பில் கால் மணிக்குள் 5 நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி நிலையத்தின் கணக்கில் சேரும். ஆகவே 15, 30, 45 என்ற கோடுகளைப் பாட்டோடு தாண்டிவிட்டுப் பிறகுதான் விளம்பரத்துக்குப் போவார்கள். 1979இல் செலக்டர் என்ற மென்பொருள் வந்த பிறகு அட்டைப் பெட்டிகள் மெல்ல மறைந்தன.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், வானொலிதான் கடிகாரம். 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். 11.30க்கே புத்தாண்டு பிறந்துவிட்டது. பால் மரத்துக்கு அதெல்லாம் தெரியாதே. விடியலை வைத்துத்தான் பால் வெட்டு. பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) போகும்முன் கேட்ட பக்திப் பாட்டு எந்த நேரத்தில் வரும் என்று புரியாமல் அம்மா சில வாரம் வானொலிப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டுக்கு 3.40 என்று எழுத வேண்டிய இடத்தில் 3.04 என்று எழுதிவிட்டேன். ஆறு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. செய்திக்கு முன் அந்தத் தட்டு அகப்படும்போதெல்லாம் அறிவிப்பாளர் கடைசிச் சரணத்தில் ஒலியைக் குறைத்திருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை முறுக்கு பிழிந்துகொண்டே அந்தப் பாட்டைப் பாடினார். கடைசிச் சரணத்தின் பாதியில் குரலை மெல்லத் தாழ்த்தி நிறுத்திவிட்டு, அடுத்த முறுக்கைப் பிழியத் தொடங்கினார்.