எழுத்து ஒன்று, பெயர் இரண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த அதிகாரியின் விசிட்டிங் கார்டைக் கைப்பேசிச் செயலியில் படமெடுத்து, அது காட்டியபடி 'யமஸக்கி' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். தம் பெயர் 'யமஜக்கி' என்று அவர் பணிவாகத் திருத்தினார். தவறு யாருடையது?
(வாசகி, ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: செயலி பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு காஞ்சி எழுத்துகளை (சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்துகள்) இரு விதமாகவும் வாசிக்கலாம். எது சரி என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கைப் பொறுத்தது. பெண்களின் பெயர்களிலும் இப்படித்தான்: ஒரே எழுத்துகள் ஒருவருக்கு 'யூக்கொ', இன்னொருவருக்கு 'ஹிரொக்கொ'. ஜப்பானியரே ஒருவர் பெயரை இன்னொருவரிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்கிறார்கள் என்பதால், அவர்களுடைய படிவங்களில் பெயருக்கு மேலே ஒலிப்பை எழுதத் தனிக் கட்டம் இருக்கும். குடும்பப் பதிவேட்டிலேயே ஒலிப்பைச் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2025 மே 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, 'எப்படி வாசிக்க வேண்டும்?' என்று கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. கேட்காமல் ஊகிப்பதுதான் சங்கடம். கேட்க வாய்ப்பில்லாதபோது கார்டின் ஆங்கிலப் பக்கத்தையும், மின்னஞ்சல் முகவரியில் '@' குறிக்கு முன்னால் உள்ள பகுதியையும் பாருங்கள். பெரும்பாலும் குடும்பப் பெயர் அங்கே ஒலிப்போடு இருக்கும்.

கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் இருவர் இருந்தனர்: ஒருவர் ஒனொ, மற்றவர் ஓனொ. முதல் பெயருக்குச் சிறு வெளி என்றும் இரண்டாவதற்குப் பெரு வெளி என்றும் பொருள். ஆங்கிலக் கூட்டக் குறிப்பில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் பதிவாகி, ஒருவருக்கு உரிய வேலை மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது. என் குறிப்பேட்டில் மட்டும் குறிலும் நெடிலும் அவரவர் இடத்தில் இருந்தன. ஆனால் 'க' ஓர் எழுத்தே இரண்டு ஒலிகளைச் சுமப்பதால், நக்கத்தா, நகத்தா என்ற இரு வேறு குடும்பப் பெயர்களைக் குறிக்கும்போது ஒற்று இடுவதில் கவனம் வேண்டும்.

பெயர் வரிசையிலும் குழப்பம் நேரும். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசு ஆவணங்கள் ரோமன் எழுத்திலும் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகின்றன. தனியார் கார்டுகளில் பழைய வரிசையும் தொடர்கிறது. முழுவதும் பெரிய எழுத்துகளில் அச்சான பகுதி இருந்தால் அதுவே குடும்பப் பெயர் என்று கொள்ளலாம். 'சான்' என்ற மரியாதைச் சொல்லை அதனோடுதான் சேர்க்க வேண்டும். உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: யோக்கோஹாமா அலுவலகத்தில் என்னை எல்லாரும் என் அப்பாவின் பெயரால் அழைக்கிறார்கள். மாற்ற முடியுமா?
(வாசகர், யோக்கோஹாமா)

பதில்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயர் இருப்பதால், அவர்கள் தங்கள் வழக்கப்படி மரியாதையாகவே அழைக்கிறார்கள். தமிழர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் வருவது தந்தையின் பெயர் என்று ஒரே ஒரு முறை சொல்லி, உங்கள் பெயரைக் கத்தக்கானா எழுத்தில் (வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுத ஜப்பானியர் பயன்படுத்துவது) கார்டில் அச்சிட்டுக் கொடுங்கள், மாற்றிக்கொள்வார்கள். வசிப்பிட அட்டை பாஸ்போர்ட்டின்படியே இருக்கட்டும்.

கத்தக்கானாவில் 'ல', 'ர' வேறுபாடு கிடையாது. லட்சுமி 'ரக்குஷுமி' ஆவார். மெய்யெழுத்தில் முடியும் பெயர்களுக்குப் பெரும்பாலும் ஓர் உயிரொலி கூடும்; கார்த்திக் 'கருதிக்கு' என்றோ 'காருதிக்கு' என்றோ எழுதப்படுவார். இவற்றில் எதைத் தேர்ந்தாலும் சரிதான், ஆனால் ஒன்றைத் தேர்ந்து வங்கி, கைப்பேசி, காப்பீடு எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். அங்கே வங்கிப் பணப் பரிமாற்றம் கத்தக்கானாவில் எழுதிய பெயரை ஒப்பிட்டே நடக்கிறது. நெடிலைக் குறிக்கும் கோடு ஒன்று விடுபட்டாலும் சம்பளம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடக்கூடும்.